காவலர் முன் ஒரு நிமிடம்

1941 டிசம்பரில் கெடாவின் ஜித்ராவில் ஜப்பானியரை எதிர்த்து நின்றது 11ஆவது இந்தியப் படைப்பிரிவு. பஞ்சாபியர், ஜாட்டுகள், கூர்க்காக்கள், ஆங்கிலேயர் எனப் பலரும் அதில் இருந்தனர். கெடா தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இத்தகைய போர்க்களங்களிலிருந்து எடுத்துவரப்பட்ட உடல்களுக்கென அமைந்தது தைப்பிங் போர்க் கல்லறை. சாலையின் ஒருபுறம் கிறிஸ்தவர்கள், மறுபுறம் இந்திய, கூர்க்கா வீரர்கள். 850க்கும் மேற்பட்டோரில் 500க்கும் அதிகமானோர் அடையாளம் தெரியாதவர்கள்.

அமெரிக்காவின் ஆர்லிங்டனில் பெயர் தெரியாத வீரரின் கல்லறைக்கு 1937 முதல் இரவு பகலாகக் காவல் உண்டு. 21 காலடி நடை, 21 விநாடி நிற்றல். யாராவது சிரித்தால் காவலரே அதட்டுவார்.

நம் மலேசியாவில் அதட்ட ஆளில்லை. சுற்றுலா போன இடத்தில் அசையாமல் நிற்கும் காவலரைச் சிரிக்கவைக்கப் பேரன் முயல, தாத்தாவே கைப்பேசியில் படம்பிடிக்கிறார்! பிள்ளையை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

அதே போரில் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத தோட்டத் தமிழர் பலருக்குக் கல்லறையே இல்லை. அந்தக் கதையை வீட்டில் கேட்ட பிள்ளைக்குக் காவலர் வேடிக்கைப் பொருளாகத் தெரியமாட்டார். சுற்றுலாப் பேருந்து புறப்படும் முன்பே தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதைச் சொல்லலாம். உடன்வரும் பெற்றோருக்கும் சேர்த்து.