அம்மி அரைத்துக் காட்டச் சொன்னவர்களுக்கு

இந்தப் பொங்கலுக்கு எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு கிராமம் முளைத்தது. தென்னங்கீற்றில் குடிசை, வாடகைக்கு வந்த மாட்டு வண்டி, வைக்கோல், ஓர் அம்மி, ஓர் உரல். ஆளாளுக்கு வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மைக்கைப் பிடித்த குடியிருப்போர் சங்க நிர்வாகி, “சொர்க்கத்தை விட்டுட்டு இந்த நரகத்துல வந்து மாட்டிக்கிட்டோம்” என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அதுவரை பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு பெண்மணி, என் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்த அத்தையிடம் வந்தார். “பாட்டி, நீங்க கிராமம்தானே? கொஞ்சம் அம்மியில மசாலா அரைச்சுக் காட்டுங்களேன், வீடியோ எடுத்துக்கறோம்.”

“இல்லம்மா, நான் திருப்பூரு” என்றார் அத்தை.

அந்தப் பெண்மணியின் காதில் அது விழவே இல்லை. அத்தையின் கையில் குழவியைக் கொடுத்துவிட்டார்.

என் அத்தை பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் உசிலம்பட்டிப் பக்கம். முப்பத்திரண்டு வயதில் மாமா இறந்தார். அதற்குப் பிறகு அந்தச் சொர்க்கம் அவருக்கு என்ன கொடுத்தது? காலையில் காரியமாகக் கிளம்புகிறவர்கள் அவர் எதிரே வந்தால் வீட்டுக்குள் திரும்பிப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார்கள். என் அக்காவின் சடங்கில், சொந்த அண்ணன் வீட்டில், பந்தியெல்லாம் முடிந்த பிறகு பின்வாசல் வழியாக வந்து சாப்பிட்டார். எங்கள் வீடுதான் அது. நான் இலை போட்டேன். அத்தைக்கு ஒன்றேகால் ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. “பொம்பளைக்கு எதுக்குக் காடு?” என்று பங்காளிகள் பிடுங்கிக்கொண்டார்கள். கணவனின் சொத்தில் மனைவிக்குப் பங்கு உண்டு என்று 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. மந்தையில் கூடிய ஊர்க்கூட்டத்துக்கு அந்தச் சட்டம் வந்து சேரவில்லை. தன் நிலத்தைப் பற்றிய பேச்சை, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மந்தைச் சுவருக்கு அந்தப்புறம் நின்று கேட்டார் அத்தை.

பத்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறினார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்க வேண்டும். பத்துக்குப் பத்து லைன் வீடு, ஏழு குடும்பத்துக்கு ஒரே குழாய். சனிக்கிழமை சம்பளம். முதல் சம்பளத்தன்று பஸ் நிறுத்தத்தில் பூக்காரி, “அக்கா, முல்லை வாங்கிக்கோங்க” என்று நீட்டினாள். இவர் யார், புருஷன் இருக்கிறானா செத்தானா, அவளுக்கு எதுவும் தெரியாது. அத்தை அரை முழம் வாங்கினார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தலையில் வைத்துப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை கதவைச் சாத்தவில்லை.

பட்டணத்தில் பக்கத்து வீட்டுக்காரன் பெயர்கூடத் தெரியாது என்று புலம்புகிறீர்களே, அந்தத் தெரியாமைதான் என் அத்தைக்கு அரை முழம் முல்லை கொடுத்தது. ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்று பூரிக்கிறீர்களே, அப்படித் தெரிந்தவர்கள்தான் அவரைக் கண்டதும் வீட்டுக்குள் திரும்பிப் போனார்கள். ‘கிராமத்தில் உறவு இருக்கிறது’ என்று யாராவது ஆரம்பித்தால் அந்தப் பின்வாசல்தான் என் கண்முன் வருகிறது.

விதவைக்கே இந்தக் கதி என்றால் சேரிக்காரர்களின் கதியைச் சொல்லவே வேண்டாம். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் எழுந்து, இந்தியக் கிராமம் அறியாமையும் குறுகிய புத்தியும் குடியிருக்கும் இடம் என்று முகத்தில் அறைந்தாற்போல் சொன்னார். கிராமத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்த பெரிய மனிதர்களுக்குக் கசந்தது. இன்றைக்கும் கசக்கிறது. அத்தை ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் இருக்கின்றன. தலித் ஒருவர் தலைவராக உட்காரக்கூடாது என்பதற்காகவே, 1996-லிருந்து பத்து வருஷம் அங்கே உள்ளாட்சித் தேர்தலை ஒழுங்காக நடத்த விடவில்லை. 2006-இல்தான் நடத்த முடிந்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. உங்கள் கீற்றுக் குடிசைக்குப் பின்னால் அந்தத் தொட்டியையும் கட்டி வைத்திருக்க வேண்டும்.

ஆரோக்கியம் என்று ஒரு பல்லவி வேறு. கக்கூஸ் இல்லாத வீட்டுப் பெண்கள் பகலெல்லாம் அடக்கிக்கொண்டு இருட்டுக்குக் காத்திருந்த ஊர் அது. தாகமெடுத்தாலும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கருவேலங்காட்டுக்கு இரண்டு பேராகச் சேர்ந்துதான் போவார்கள். ஒருத்திக்கு அவசரம் என்றால் இன்னொருத்தி வரும்வரை காத்திருக்க வேண்டும். சுத்தமான காற்றைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர்களில் எத்தனை பேர் அந்தக் காட்டுக்குப் போயிருக்கிறார்கள்?

சினிமாக்காரர்களையும் சும்மா விட முடியாது. ஐம்பது வருஷமாக, பட்டணத்துக்குப் போன பெண் கெட்டுப்போவாள், பாவாடை தாவணிக்காரிதான் பத்தினி என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறையைக் கெடுத்தார்கள். சென்னையில் சொகுசாக இருந்துகொண்டு அந்தப் படங்களை எடுத்தார்கள். இப்போது பண்ணை வீட்டு மனை விற்கிறவர்கள் அதே பாட்டை விளம்பரத்தில் பாடுகிறார்கள். ‘மண்ணுக்குத் திரும்புங்கள்’ என்கிறார்கள். சனிக்கிழமை காரில் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறவர்களுக்கு அது சுகம்தான். அங்கேயே களை எடுக்கும் பெண்ணுக்கு அந்த மனையில் ஒரு செண்ட் உண்டா?

இவ்வளவு பேசுகிற எங்கள் அடுக்ககக்காரர்கள் வீடு வாடகைக்கு விடும்போது முதலில் கேட்பது, “நீங்க எந்த ஆளுங்க?” நான் குடிவந்தபோது என்னிடமும் கேட்டார்கள். கிராமத்தில் அவர்களுக்கு எது பிடித்ததோ அதைப் பத்திரமாக மூட்டை கட்டிக் கொண்டுவந்து ஏழாவது மாடி வரைக்கும் ஏற்றிவிட்டார்கள். நகரம் நாறுகிறது என்றால் இதனால்தான் நாறுகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். இத்தனை பேரும் புத்தி கெட்டா கிளம்பி வந்தார்கள்? கேட்டுப் பாருங்கள். ஒருவருக்குக் கடன், ஒருவருக்குக் காதல், ஒருவருக்கு மந்தைச் சுவர். என் அத்தைக்கு அரை முழம் முல்லை.

அத்தை அன்றைக்கு மசாலாவை மையாக அரைத்துக் கொடுத்தார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து நான் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தபோது, “அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான் மருமகனே. அதுக்குத் தெரியல” என்று சொன்னார். எனக்குத்தான் ஆறவில்லை.

ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற்றிவிடப் போனேன். “ஊர்ப் பக்கம் ஒரு எட்டுப் போயிட்டுப் போறீங்களா அத்தே? பொங்கலாச்சே” என்று கேட்டேன். திருப்பூரே காலியாகி எல்லாரும் சொந்த ஊருக்குப் போகிற நாள் அது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“என் வீட்டுக்குப் போறேன்ப்பா” என்றார். திருப்பூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையிலிருந்து வாழை இலையில் சுற்றிய பூவை எடுத்து, பஸ் நகருவதற்குள் தலையில் வைத்துக்கொண்டார்.