களைப்பா, சோம்பலா?

“எந்த நேரமும் படுக்கைதான், படிப்பில் கவனமே இல்லை” என்று பெண் பிள்ளைகளை ஏசும் வீடுகள் பல. ஆனால் இரும்புச்சத்துக் குறைந்தாலும் உடல் இப்படித்தான் சோர்ந்துபோகும்.

குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் உருவாக இரும்பு வேண்டும். மாதவிடாயின்போது குருதியோடு இரும்பும் வெளியேறுகிறது. ஆகவே 14 முதல் 18 வயது வரையான பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் இரும்பு தேவை. அதே வயது ஆணுக்கு 11 போதும். ஆனாலும் பல வீடுகளில் ஈரல் துண்டு முதலில் நானாவின் பீங்கானுக்கே போகிறது. கூடத் தேவைப்படுகிறவளுக்கு மிஞ்சியதே கிடைக்கிறது. இது நியாயமா?

சோறு தின்ற கையோடு குடிக்கும் பிளேன்டீயும் கீரை, பருப்பிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. அதை ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கீரைச் சுண்டலுக்குத் தேசிக்காய்ப் புளி விட்டால், அதிலுள்ள விற்றமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

தோழியரே, பாடசாலையில் தரும் இரும்பு மாத்திரையைப் புத்தகப்பைக்குள் ஒளிக்காதீர்கள். பெற்றோரே, தொடர்ந்து சோர்ந்திருக்கும் மகளை ஏசுமுன் வைத்தியரிடம் காட்டிக் குருதியைப் பரிசோதியுங்கள். அவளுக்கு வேண்டியது ஏச்சல்ல, பீங்கானில் உரிய பங்கு.