பாட்டியைக் கப்பலிலேயே விட்டுட்டுப் போகாதீங்க!

"நீங்க எல்லாரும் போயிட்டு வாங்கப்பா. நான் கப்பல்லயே இருந்துக்கறேன். ஏ.சி. இருக்கு, சாப்பாடு இருக்கு, எனக்கென்ன குறை?"

சொகுசுக் கப்பலில் முதல் துறைமுகம் வருவதற்கு முந்தைய நாள் இரவு, ஏதாவது ஒரு குடும்பத்தில் இந்த வசனம் கட்டாயம் கேட்கும். சொல்வது பெரும்பாலும் பாட்டி. சில நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டே தாத்தா. பிள்ளைகளும் பாதி வருத்தம், பாதி நிம்மதியோடு "சரிம்மா, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிடுவார்கள்.

பாஸ்போர்ட் எடுத்து, விமானம் ஏறி, கப்பலும் ஏறி வந்தவர், கடைசியில் ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்புவது நியாயமா? பெரும்பாலும் அவருடைய முழங்கால் மீது தப்பில்லை. நாம் தேர்ந்தெடுக்கும் டூர்தான் அவரை இறங்கவிடாமல் செய்கிறது. கப்பலிலிருந்து இறங்கி, கைடு துணையோடு சில மணி நேரம் ஊரைப் பார்த்துத் திரும்பும் 'ஷோர் எக்ஸ்கர்ஷன்', அதாவது கரைச் சுற்றுலாவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இந்த வாரம் பார்ப்போம். உதாரணத்துக்கு, சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் அடிக்கடி போகும் பினாங்கையே எடுத்துக்கொள்வோம்.

நான்கு மணி நேரக் கணக்கு

கப்பலில் தரும் டூர் பட்டியலைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். '4 மணி நேரத்தில் 3 இடங்கள்!' என்று படத்தோடு போட்டிருப்பார்கள். ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

போக வர பஸ் பயணம் குறைந்தது ஒன்றேகால் மணி நேரம். பஸ்ஸில் 40 பேர். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் இறங்க 10 நிமிஷம், எண்ணிப் பார்த்து ஏற்ற 10 நிமிஷம். மூன்று இடத்துக்கு ஒரு மணி நேரம் போச்சு. நடுவில் சாக்லேட்டோ தைலமோ விற்கும் கடையில் அரை மணி நேரம். மிச்சம் இருப்பது ஒன்றேகால் மணி நேரம். மூன்றால் வகுத்தால் ஓர் இடத்துக்கு 25 நிமிஷம்!

இந்த 25 நிமிஷத்தில் கைடு கையில் பிடித்திருக்கும் நம்பர் அட்டையைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். பேரன் ஓடுவான். பாட்டி? அதனால்தான் அவர் முந்தைய நாளே கப்பலில் இருந்துகொள்வதாகச் சொல்லிவிடுகிறார். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாதே என்ற எண்ணம்.

ஆகவே முதல் விதி: குடும்பத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய வேகத்துக்கு டூரைத் தேர்ந்தெடுங்கள். மூன்று இடத்துக்குப் பதில் ஓர் இடம், ஒரு பகுதி போதும்.

பட்டியலில் ஒவ்வொரு டூருக்கும் பக்கத்தில் 'எளிது', 'மிதமானது', 'கடினம்' என்று குறி இருக்கும். 'மிதமானது' என்பதை நம்பி ஏமாறாதீர்கள். மேடு பள்ளம், படிக்கட்டு எல்லாம் அதற்குள் அடக்கம். எத்தனை படி, எவ்வளவு தூரம் நடை, உட்கார இடம் உண்டா, கழிப்பறை எங்கே? இந்த நான்கையும் டூர் கவுன்டரில் வாய்விட்டுக் கேளுங்கள்.

மலையா, ஊரா?

பினாங்கில் கப்பல் அணையும் ஸ்வெட்டன்ஹாம் துறை, ஜார்ஜ் டவுன் நகரத்தின் வாசலிலேயே இருக்கிறது. பாலத்தில் இறங்கி வந்தால் ஊர்! எல்லா இடமும் இப்படி அமையாது. தாய்லாந்தின் புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல நேரம் கடலிலேயே நங்கூரம் போட்டுவிட்டு, சின்னப் படகில் ஆட்களைக் கரைக்கு அனுப்புகின்றன. அலையில் ஆடும் படகுக்குக் கால் மாற்றி வைப்பது வயதானவர்களுக்குச் சிரமம். எந்தத் துறைமுகத்தில் பெரியவர்களை இறக்கலாம் என்று யோசிக்கும்போது இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பினாங்கு டூர் என்றாலே முதலில் வருவது பினாங்கு மலை. 1923-ல் தொடங்கிய மலை ரயில் பாதை, இன்று நவீன வண்டிகளோடு சில நிமிஷங்களில் மேலே கொண்டுபோய்விடும். மேலே குளுகுளு காற்று, கீழே ஊரும் கடலும். அருமையான இடம்தான். ஆனால், கூட்ட நாளில் வரிசையில் நிற்கும் நேரம் ரயிலில் போகும் நேரத்தைவிடப் பல மடங்கு ஆகிவிடும்.

அடுத்தது கெக் லோக் சி புத்தர் கோயில். 1930-ல் முடிந்த அதன் ஏழு நிலை கோபுரத்தில் அடிப்பகுதி சீன பாணி, நடுப்பகுதி தாய்லாந்து பாணி, உச்சி பர்மா பாணி. பார்க்க வேண்டியதுதான், ஆனால் படிகள் நிறைய. தைப்பூசத்துக்குப் பெயர் போன தண்ணீர்மலை முருகனைப் பார்க்கவும் 500-க்கு மேற்பட்ட படி ஏற வேண்டும்.

கால் நன்றாக இருப்பவர்களுக்கு இவை சரி. மூன்று தலைமுறை சேர்ந்து போனால் என்னுடைய ஓட்டு ஜார்ஜ் டவுனுக்குத்தான்.

நாலு தெருவுக்குள் ஓர் உலகம்

ஜார்ஜ் டவுன் 2008-ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரம். துறைமுகத்திலிருந்து வந்ததும் கண்ணில் படுவது விக்டோரியா மகாராணி நினைவு மணிக்கூண்டு. சும்மா பார்த்தால் பழைய கட்டடம், ஒரு செல்ஃபி, அவ்வளவுதான். கைடு சொன்னால்தான் தெரியும்: அதன் உயரம் 60 அடி, மகாராணி ஆண்ட 60 வருஷத்துக்கு வருஷம் ஓர் அடி! சியா சென் யோக் என்ற சீன வணிகர் தன் செலவில் கட்டியது. கட்டி முடித்தது 1902-ல். மகாராணியோ அதற்கு முந்தைய வருஷமே காலமாகிவிட்டார். கூண்டு லேசாகச் சாய்ந்திருக்கிறதே என்று கேட்டால், இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளைச் சொல்வார்கள்.

எதிரே இருக்கும் கோட்டையின் பெயர் கார்ன்வாலிஸ். யாரோ வெள்ளைக்காரர் என்று கடந்துவிடாதீர்கள். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுத் திப்பு சுல்தானைப் பணியவைத்த அதே கார்ன்வாலிஸ் பிரபுதான்! பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த பெயர் கடல் கடந்து வந்து நிற்கும்போது பிள்ளைகளுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அங்கிருந்து சற்று உள்ளே போனால் லிட்டில் இந்தியா. பூக்கடை, புடவைக்கடை, வடை வாசனை, ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு. குயின் தெருவில் 1833-ல் எழும்பிய ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில். நடந்து போகும் தூரத்திலேயே கப்பித்தான் கெலிங் மசூதி. அந்தக் காலத்தில் தென்னிந்திய முஸ்லிம் சமூகத்தின் தலைவராக இருந்த காதர் முகைதீன் தொடங்கியது. சூலியா தெரு முனையில் நாகூர் ஆண்டவர் பெயரால் ஒரு தர்கா. சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயிலும், 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் அதே வட்டாரம்தான்.

இதையெல்லாம் பார்க்க மலை ஏற வேண்டாம். நடக்க முடியாவிட்டால் ட்ரைஷா இருக்கிறது. நம் ஊர் சைக்கிள் ரிக்‌ஷாவின் உறவுக்காரன். ஓட்டுபவர் பின்னால், நாம் முன்னால். பாட்டிக்குத் தெரு முழுக்கத் தெரியும்! ஏறும் முன் விலையைப் பேசிக்கொள்ளுங்கள். கடைகளுக்கு முன்னால் வரிசையாகப் போகும் 'ஐந்தடி நடைபாதை' நிழலாக இருக்கும். ஆனால், கடைக்குக் கடை தரைமட்டம் மாறும். பெரியவர்களைக் கைப்பிடித்தே அழைத்துப் போங்கள்.

பூக்கடையில் இருபது நிமிஷம்

ஒருமுறை எங்கள் வேனில் கோவைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்திருந்தது. 'மலைக்குப் போகலையே' என்று பேரன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். லிட்டில் இந்தியாவில் இறங்கியதும் பாட்டி நேராகப் பூக்கடைக்குப் போனார்.

"பூ என்ன விலைங்க அம்மிணி?"

"அஞ்சு வெள்ளிம்மா. எங்கேருந்து வர்றீங்க?"

"கோயமுத்தூருங்க. நீங்க எந்த ஊரு?"

"நான் இங்கேதாம்மா பொறந்தேன். எங்க தாத்தா காலத்துல கப்பல்ல வந்தது."

"அப்பத்தா, அஞ்சு ரிங்கிட்னா நூறு ரூபாய்க்குப் பக்கம்!" என்று பேரன் காதைக் கடித்தான். பாட்டி கண்டுகொள்ளவில்லை. தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், வந்து என்ன வேலை பார்த்தார், அப்புறம் ஒருமுறையாவது ஊருக்குப் போனாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தப் பெண் பூத் தொடுத்துக்கொண்டே சொன்னார். போக ஆசைப்பட்டார், போகவே இல்லை என்று சொன்னபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கைடு வாட்சைப் பார்த்தார், அவசரப்படுத்தவில்லை. எங்கள் திட்டத்தில் மிச்சம் நேரம் இருந்தது. கைபேசியில் மூழ்கியிருந்த பேரன் எப்போது பக்கத்தில் வந்து நின்றான் என்று தெரியவில்லை. "அந்தக் கப்பல்ல எத்தனை நாள் ஆகும்?" என்று அவனே கேட்டான். ஒரு வாரத்துக்கு மேலே ஆகும் என்று கேள்விப்பட்டிருப்பதாகவும், தாத்தா அதையே பேசிக்கொண்டிருப்பார் என்றும் அந்தப் பெண் சொன்னார். நீச்சல் குளம் உள்ள கப்பலில் வந்த பையன் வேறெதுவும் கேட்கவில்லை.

பாட்டி கப்பலிலேயே இருந்திருந்தால் அந்த உரையாடல் நடந்திருக்காது. ஊர் பேர் கேட்டு, உறவு விசாரித்துப் பேசத் தெரிந்தவர் அந்தக் குடும்பத்தில் அவர் ஒருவர்தான்.

கப்பல் டூரா, வெளி கைடா?

கப்பல் நிறுவனமே நடத்தும் டூரில் விலை அதிகம், கூட்டமும் அதிகம். ஆனால், ஒரு பெரிய பாதுகாப்பு உண்டு. அந்த பஸ் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. முன்பதிவின்போதே இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாமே வெளியில் கைடு, வேன் ஏற்பாடு செய்தால் நம் வேகம், நம் இஷ்டம். ஆனால், தாமதமானால் கப்பல் நமக்காக நிற்காது. அடுத்த ஊர் வரை சொந்தச் செலவில் போய்த்தான் பிடிக்க வேண்டும். என் யோசனை இதுதான்: இடம் தூரமாக இருந்தால் கப்பல் டூர். பினாங்கு போல ஊர் பக்கத்திலேயே இருந்தால், அரசு உரிமம் பெற்ற கைடோடு அரை நாள் வேன். அதிலும் கப்பல் சொல்லும் கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைமுகத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

இறங்கும் முன் ஐந்து நிமிஷம்

* கப்பல் நேரம்: சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், புக்கெட்டில் உங்கள் போன் 4 என்று காட்டும்போது கப்பலில் மணி 5! சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் கப்பல் நேரத்தை வைத்து, வீட்டில் பொறுப்பானவர் கையில் கட்டிவிடுங்கள்.

* அட்டை: இறங்கும்போதும் ஏறும்போதும் கப்பல் அட்டையை ஸ்கேன் செய்வார்கள். ஒவ்வொருவரிடமும் அவரவர் அட்டை இருக்கட்டும். பாஸ்போர்ட்டை எடுத்துப் போக வேண்டுமா என்று முதல் நாளே கேளுங்கள். எப்படியானாலும் ஒரு நகல் பையில் இருக்கட்டும்.

* போன் நம்பர்: கப்பலில் தரும் தினசரி தாளில் துறைமுக ஏஜென்ட் எண் இருக்கும். போட்டோ எடுத்து வையுங்கள்.

* மருந்து: அரை நாள்தானே என்று விட்டுவிடாமல் அன்றைய மாத்திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். குடை, தண்ணீர், தொப்பியும் வேண்டும். பினாங்கில் வெயிலும் மழையும் ஒரே நாளில் வரும்.

* உணவு: கப்பல் பஃபேயிலிருந்து பழம், சாப்பாடு கட்டிக்கொண்டு இறங்காதீர்கள். பல நாடுகளில் அனுமதி இல்லை.

* கோயில்: நம் ஊர் போலவே மதியம் நடை சாத்துவது வழக்கம். கைடிடம் சொல்லி அம்மனை முதலில் பார்த்துவிடுங்கள். மணிக்கூண்டு எங்கும் போகாது!

கைடிடம் ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: "எங்ககூட பெரியவங்க இருக்காங்க. ரெண்டு இடம் குறைஞ்சாலும் பரவாயில்லை, நிதானமா போகலாம்." நல்ல கைடு அன்றைய பாதையையே மாற்றிப் போடுவார். வேன் நிற்கும் இடம், உட்கார ஒரு காபிக்கடை, படி இல்லாத வாசல் எல்லாம் அவருக்குத் தெரியும். முடிவில் அவருக்கு டிப்ஸ் கொடுக்க மறக்காதீர்கள்.

முன்பதிவு செய்யும் இரவில் டூர் பட்டியலைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன், பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்கே உங்களுக்கு என்ன பார்க்கணும்மா?" என்று கேளுங்கள். கோயில் என்பார், சந்தை என்பார், சும்மா ஒரு தெருவில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணும் என்றும் சொல்லலாம். அதைச் சுற்றி மற்றவர்களின் ஆசைகளைக் கோத்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம்: கப்பலில் சைவச் சாப்பாடு... கேட்டு வாங்குவது எப்படி?