எந்தக் கம்யூனிட்டி ஆர்க்கெஸ்ட்ரா?

எங்கள் வளவு இரவுப் பள்ளியில் ஒரு நாள் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 'கம்யூனிட்டி ஆர்க்கெஸ்ட்ரா' என்று பல ஊர்களில் உண்டு. பகலில் வாத்தியார், நர்ஸ், குழாய் ரிப்பேர்க்காரர். பொழுது சாய்ந்தால் வயலினும் செல்லோவும் தூக்கிக்கொண்டு ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுவார்கள். அறுபது எழுபது பேர் சேர்ந்து சிம்பொனி வாசிப்பார்கள். செப்டம்பர் தொடங்கி மே வரை சீசன். இடையிடையே பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் போய் வாசித்துக் காட்டுவார்கள். இவ்வளவும் சொல்லி முடித்தபோது எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளை கேட்டது: "எந்தக் கம்யூனிட்டிங்ணா?"

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அவளுக்குத் தெரிந்த கம்யூனிட்டி, தாலுகா ஆபீசில் வரிசையில் நின்று வாங்குகிற சர்ட்டிஃபிகேட். கொங்கு நாட்டில் 'சமூகம்' என்று எவன் சொன்னாலும் சாதியைத்தான் சொல்கிறான். 'நம்ம சமூகத்துப் பையன்', 'சமூகப் பெரியவங்க', கல்யாண மண்டபம் வரைக்கும் அப்படித்தான். அவள் கேள்வியில் தப்பே இல்லை, தோழர்களே.

ஆர்க்கெஸ்ட்ரா என்றாலும் நம்மூரில் வேறு. நொம்பியில் லாரி மேடை கட்டி, கீபோர்டும் பேடும் வைத்து சினிமாப் பாட்டு பாடுவதுதான் ஆர்க்கெஸ்ட்ரா. மேல்நாட்டு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா நம் நாட்டில் முழுநேரத் தொழில்முறையாக இருப்பது மும்பையில்: நரிமன் பாயின்ட்டில் என்.சி.பி.ஏ. நடத்தும் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா. 2006இல் தொடங்கியது. ஆண்டுக்கு இரண்டு சீசன். கஜகஸ்தானிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வாசிப்பாளர்களை வரவழைத்துத்தான் தொடங்கினார்கள். இங்கே அத்தனை பேருக்குப் பயிற்சி கிடையாது.

சென்னையிலே கேட்கவே வேண்டாம், மார்கழி சீசன். 1928இல் மியூசிக் அகாதெமி வந்தது. தெலுங்குக் கீர்த்தனைக்குள் தமிழுக்கு இடமில்லை என்று 1943இல் தமிழிசைச் சங்கம் வந்தது. தமிழுக்கு இடம் கேட்டவர்கள் சேரிக்கு இடம் கேட்கவில்லை. அது தனிக் கதை.

சீசன் என்பது நமக்கொன்றும் புதுசில்லை. மாசி, பங்குனி, சித்திரை எங்களுக்கு சீசன். மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டால் பதினைந்து நாள் ராத்திரி ஆட்டம். தப்பட்டை, ஜமாப்பு, உருமி. பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நின்று, எதிரில் காகிதம் எதுவும் இல்லாமல், கண்ணாலேயே ஒருத்தரை ஒருத்தர் பார்த்து அடி மாற்றுவார்கள். சிம்பொனியில் ஓபோ வாசிப்பவர் ஒரு சுரம் கொடுக்க மற்றவர்கள் அதற்குச் சுருதி கூட்டுவார்களாம். எங்களுக்கு ஓபோ வைக்கோல் நெருப்பு. தோலைக் காய்ச்சி, விரலால் தட்டி, இன்னும் கொஞ்சம் காய்ச்சி, போதும் என்று எங்கப்பா தலையாட்டினால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நான் பார்த்த முதல் கண்டக்டர் எங்கப்பாதான். அவருக்குச் சம்பளம் வருசத்துக்கு இத்தனை வள்ளம் கம்பு. அதையும் பண்ணாடி வாசலில் துண்டை விரித்து வாங்க வேண்டும். நொம்பிக்கு அடித்த அதே கைதான் சாவுக்கும் அடிக்கணும், செத்த மாட்டையும் தூக்கணும். மாட்டேன்னு சொல்ல முடியாது. இந்த 'மாட்டேன்' இல்லாத வாசிப்பைத்தான் 'கிராமியக் கலை' என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

சில வருசத்துக்கு முன்பு கோவையில் ஒரு தனியார் கல்லூரிக் கலை விழா. பெயர் வேண்டாம், இந்த ஊரில் அப்படி நிறைய இருக்கிறது. உள்ளே ஏசி ஹாலில் வயலின், பியானோ கச்சேரி. வெளியே கேட்டில் எங்கள் பையன்களின் தப்பட்டை. விருந்தாளிகள் கார் வந்து நின்றால் அடிக்கணும், உள்ளே போனதும் நிறுத்தணும். கடைசி கார் போன பிறகு, நாங்களும் உட்கார்ந்து கேட்கலாமுங்களா என்று ஒரு பையன் கேட்டான். "சவுண்ட் அதிகமா இருக்கும், உள்ள வேண்டாம்பா" என்றார் பொறுப்பாளர். அவன் அடிக்கவா கேட்டான்? கேட்கத்தானே கேட்டான்!

இப்போது 'அவுட்ரீச்' என்று ஒரு சொல் புழங்குகிறது. உயர்ந்த இசையை எட்டாதவர்களிடம் கொண்டு சேர்ப்பதாம். எனக்கு அதில் உறுத்துவது திசை. எப்போதும் ஹாலிலிருந்து சேரிக்குத்தான் கை நீளுகிறது. சேரியிலிருந்து ஹாலுக்குப் போய்க்கொண்டே இருந்ததை யாரும் கணக்கில் வைக்கவில்லை. மிருதங்கத்துக்குத் தோல் போட்டவர்கள் யார்? டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோல் மேடை ஏறலாம், தோல் போட்டவன் பெயர் ஏறக்கூடாது. வயலின் கதை இன்னும் வேடிக்கை. இருநூறு வருசத்துக்கு முன் வெள்ளைக்காரன் பேண்டிலிருந்து பாலுசுவாமி தீட்சிதர் எடுத்துக்கொண்டது அது. மிலேச்சன் வாத்தியம் ஒரு தலைமுறையில் சுத்தமாகிவிட்டது. பக்கத்துத் தெருப் பறை மட்டும் இத்தனை நூற்றாண்டாகியும் சுத்தமாகவில்லை.

அதற்காக அய்ரோப்பிய ஆர்க்கெஸ்ட்ராவை சமத்துவபுரம் என்று நான் சொல்லவில்லை. வியன்னா ஃபில்ஹார்மோனிக் பெண்ணை உறுப்பினராகச் சேர்த்ததே 1997இல்தான். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் மீது இரண்டு கறுப்பினக் கலைஞர்கள் 1969இல் நகர மனித உரிமை ஆணையத்துக்குப் போனார்கள். 1970, 80களில் அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்களில் ஒரு பழக்கம் பரவியது. ஆள் எடுக்கும்போது நடுவில் திரை. வாசிப்பவர் ஆணா பெண்ணா, கறுப்பா வெள்ளையா தெரியாது. செருப்புச் சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தரையில் கம்பளம் கூட விரித்தார்கள். நம்ம சபாக்களில் அப்படி ஒரு திரை தொங்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இங்கே பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, அப்பா என்ன பண்றார்னு கேட்டு, அப்புறம்தான் சுருதிப் பெட்டியை வைப்பான்.

ஆனால் திரையும் பாதி வேலைதான் செய்தது. பெண்கள் நிறைய வந்தார்கள். கறுப்பினத்தவர் 2014 கணக்கில் அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்களில் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. காரணம் எளிது. திரைக்குப் பின்னால் வந்து நிற்பதற்கே எட்டு வயசிலிருந்து ஒரு வாத்தியமும் ஒரு வாத்தியாரும் வேண்டும். அதனால்தான் இங்கிலாந்தில் சி-சி நுவனோகு 2015இல் 'சினிக்கே' என்று கறுப்பினத்தவரும் பிற சிறுபான்மையினரும் பெரும்பான்மையாக உள்ள ஆர்க்கெஸ்ட்ராவைத் தனியே கட்டினார். வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரெயு 1975இலேயே ஏழைப் பிள்ளைகள் கையில் வயலின் கொடுத்தார். அரசு செலவு செய்தது. பின்னாளில் ஆட்சியாளர்கள் அதைத் தங்கள் விளம்பரமாகவும் ஆக்கிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் பக்கத்தில், 2008இல் கே.எம். இசைக் கல்லூரி தொடங்கிய ஏ.ஆர். ரகுமான், அதையொட்டி ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லித்தரும் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவை உருவாக்கினார். நல்ல காரியம். சென்னைக்கு மேற்கே அது வரவில்லை.

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. எங்கள் வளவில் போனைச் சுற்றிக் கூட்டம். 1993இல் அதே ஆர்க்கெஸ்ட்ரா பதிவு செய்த அவருடைய சிம்பொனி வெளியே வரவே இல்லை. முப்பத்திரண்டு வருசம் காத்திருந்து கேட்டோம். தன்னைச் சாதியோடு சேர்த்துப் பேசுவதை அவர் விரும்புவதில்லை. அது அவர் உரிமை, நான் இழுக்கப் போவதில்லை. எனக்கு முக்கியம் வேறு. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணனோடு கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு வந்தவருக்கு, சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் என்று ஒருத்தர் மேல்நாட்டு இசைக்குறிப்பு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காகிதம்தான் லண்டன் வரை போனது. அய்ந்து கோட்டில் எழுதிய குறிப்பு, வாசிப்பவன் எந்தத் தெரு என்று கேட்காது. வாய்ப்பாடமாக, காலடியில் உட்கார்ந்து, வீட்டுக்குள் விட்டால்தான் கற்க முடியும் என்கிற வித்தையில் அந்தச் சவுகரியம் கிடையாது.

இங்கே சில தோழர்களோடு எனக்குச் சண்டை. "நமக்குத்தான் பறை இருக்கே, வெள்ளைக்காரன் வயலின் எதுக்கு?" என்கிறார்கள். பறையை எடுப்பதா எறிவதா என்று தொண்ணூறுகளில் விடிய விடியப் பேசியவர்கள்தான் நாம். எங்கப்பா பேசவில்லை, எறிந்தார். ஒரு சாவு வீட்டில் 'வாடா' என்று கூப்பிட்டதற்கு, வந்து தப்பட்டையைப் பரணில் போட்டவர் மறுபடி எடுக்கவில்லை. இன்று அவருடைய பேரன் கோவையில் ஒரு குழுவில் நெஞ்சை நிமிர்த்திப் பறை அடிக்கிறான், காசு பேசி அடிக்கிறான், சாவுக்கு அடிப்பதில்லை. இரண்டும் ஒரே கலகம்தான் என்று எனக்குப் படுகிறது. 2025இல் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள், சந்தோசம். ஆனால் பறையைப் பாராட்டுகிற எல்லாரும் அதை நம் கையிலேயே வைத்துப் பாராட்டுகிறார்கள். அவர்கள் பிள்ளைக்கு வயலின், நம் பிள்ளைக்குப் பறை என்றால் அது பழைய பங்கீடுதானே?

மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் தொடங்கியபோது வைத்த பாடவரிசை குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம். பறை இல்லை. பகுதிநேரக் கிராமியக் கலைப் பயிற்சி பிறகுதான் வந்தது. கோவைக்கு மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரியே இருக்கிறது. அங்கே பறையும் முழுநேரப் பாடமாக வேண்டும், செல்லோவும் வேண்டும், எங்கள் பெண் எதைக் கேட்கிறாளோ அது.

அவள் வயலின் கேட்டாள். நாலைந்து பேர் காசு போட்டு, பழசாக இரண்டு வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு தோழர் பஸ் ஏறி வந்து சொல்லித் தருகிறார். முதல் நாள் அவர் முறுக்காணியைத் திருகிச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தபோது திண்ணையிலிருந்து எங்கப்பா, "இன்னும் கொஞ்சம் காயணும்" என்றார். உண்மையிலேயே தந்தி தளர்ந்துதான் இருந்தது.

வகுப்பு இப்போது வேப்பமரத்தடியில் நடக்கிறது. மழை வந்தால் இல்லை. எங்கள் வளவுக்கென்று அரசாங்கம் கட்டிய கூடம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. முன்சுவரில் பெரிய எழுத்தில் 'சமுதாயக் கூடம்' என்று எழுதியிருக்கிறது. சாவி கேட்டு மூன்று மனு கொடுத்திருக்கிறோம்.