ரசிகர் என்றால் இவர்கள் அல்லவா ரசிகர்கள்!

அமெரிக்காவில் சாண்டா மோனிகா என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே ஒரு சிறிய வீட்டில் முதியவர் ஒருவர் வாழ்ந்தார். உலகத்தையே சிரிக்க வைத்தவர். பெயர் ஸ்டான் லாரல்.

அவர் பெயரும் எண்ணும் டெலிபோன் புத்தகத்தில் இருந்தன. யார் கூப்பிட்டாலும் பேசுவார். தேடி வந்தவர்களை வரவேற்பார். வந்த கடிதங்களுக்குத் தாமே பதில் எழுதுவார். கடைசிக் காலத்தில் அவருக்குத் துணையாக நின்றது ரசிகர்களின் அன்பு!

குண்டரும் ஒல்லியரும்

லாரல் 1890-ல் இங்கிலாந்தில் பிறந்தவர்; ஒல்லி. ஆலிவர் ஹார்டி 1892-ல் அமெரிக்காவில் பிறந்தவர், குண்டு. இருவரும் சேர்ந்து 100 படங்களுக்கு மேல் நடித்தார்கள்.

ஒரு பியானோவை நீண்ட படிக்கட்டில் ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற, அது உருண்டு கீழே போகும். 1932-ல் வந்த அந்தச் சின்னப் படத்துக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

பிறகு டெலிவிஷனில் அவர்கள் படங்கள் ஓயாமல் ஓடின. ஆனால் பட உரிமை அவர்களிடம் இல்லை. அதனால் அந்தப் பணமும் அவர்களுக்கு வரவில்லை. 1957-ல் ஹார்டி காலமானார். லாரல் அதன்பின் நடிக்கவே இல்லை.

கூடாரத்தில் சிரிப்பு

1965-ல் லாரலும் காலமானார். அதே ஆண்டில் நியூயார்க்கில் ரசிகர்கள் சங்கம் தொடங்கினார்கள். பெயர், 'பாலைவனத்தின் மைந்தர்கள்'. மனைவிமாரிடம் பொய் சொல்லிவிட்டுச் சங்க மாநாட்டுக்குப் போய் இருவரும் மாட்டிக்கொள்ளும் 1933-ம் ஆண்டுப் படத்தின் பெயர் அது!

சங்கத்தின் கிளைக்குப் பெயர் 'கூடாரம்'. பல நாடுகளில் கூடாரங்கள் தோன்றின. ஒவ்வொன்றுக்கும் ஒரு லாரல்-ஹார்டி படத்தின் பெயர். சங்கச் சின்னத்தில் ஒரு வாசகம். 'ஒன்றும் எழுதப்படாத இரண்டு பலகைகள்' என்பது அதன் பொருள். தங்களையே கேலி செய்துகொள்ளும் சங்கம்!

இது வீண் வேலையா?

"நடிகருக்குச் சங்கமா? வேலையற்ற வேலை!" என்று சிலர் சொல்லலாம். அது முழுவதும் தவறல்ல. அடுத்த நடிகரைத் திட்டுவதும், அடிதடியில் இறங்குவதும், வீட்டுக் காசை வாரி இறைப்பதும் ரசனை ஆகாது.

ஆனால் இவர்கள் செய்வது என்ன? கூடுகிறார்கள்; படம் பார்க்கிறார்கள்; சிரிக்கிறார்கள். சண்டைக்கு அங்கே இடம் ஏது?

பழைய படங்கள் மீதுள்ள இத்தகைய பற்றினால் இன்னொரு நன்மையும் உண்டு. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கும். நாளடைவில் மக்கிப் போகும். 1927-ல் இருவரும் நடித்த ஒரு படத்தில், தெருவே ஒருவர் முகத்தில் ஒருவர் கிரீம் பலகாரத்தை வீசிக்கொள்ளும். அதன் இரண்டாம் சுருள் முழுதாகக் கிடைக்காமல் இருந்தது. 2015-ல், பழைய படங்களைச் சேகரிக்கும் ஒருவர் அதைக் கண்டெடுத்தார். குப்பை என்று எண்ணி எறிந்திருந்தால், அந்தச் சிரிப்பு போயே போயிருக்கும்!

கலைஞரைக் கும்பிடுவது எளிது. அவர் உயிரோடு இருக்கும்போது ஒரு கடிதம் எழுதுவதும், மறைந்த பிறகு அவர் கலையைக் காப்பதுமே உண்மையான அன்பு. போட்ட மாலை மறுநாள் வாடிவிடும். காத்து வைத்த படம், பேரப்பிள்ளைகளையும் சிரிக்க வைக்கும்.