போலியோ போயிடுச்சு, ஆனா கண்காணிப்பு ஏன் முடியல?

இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸின் கடைசி பாதிப்பு 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானது. அப்புறம் என்ன கவலை?

சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, உயிருள்ள வைரஸ். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது சில வாரங்களில் மலத்தோடு வெளியேறி முடிந்துவிடும். பிறவியிலேயே நோய் எதிர்ப்புக் குறைபாடு உள்ள மிகச் சிலருக்கு மட்டும், குடலில் ஆண்டுக்கணக்கில் தங்கி, மாறி, மீண்டும் வீரியம் பெறலாம். பிரிட்டனில் ஒருவர் சுமார் 28 ஆண்டுகள் வைரஸை வெளியேற்றினார். அவருக்குக் கை, கால் எதுவும் செயலிழக்கவில்லை.

சிக்கலே இங்கதான். வழக்கமான கண்காணிப்பு, திடீரென கை, கால் தளர்ந்த குழந்தைகளைத்தான் தேடுகிறது. அறிகுறி இல்லாதவரைக் கண்டுபிடிக்க, எதிர்ப்புக் குறைபாடுள்ளவர்களின் மலத்தைப் பரிசோதிக்க வேண்டும், கழிவுநீரையும்தான்.

தப்பு அவர்களுடையது அல்ல. நம்ம வேலை, குழந்தைக்குச் சொட்டு மருந்து, ஊசி இரண்டையும் தவணை தவறாமல் போடுவது.