செனாய்த் தோழர்களே, ஒப்பந்தத்தில் நம் ஆறும் இருக்கட்டும்!

2025 ஜனவரியில் மலேசியாவும் சிங்கப்பூரும் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நம் செனாய் அந்த மண்டலத்துக்குள் இருக்கிறது. இங்கே மின்னணுத் தொழிற்சாலைகள். பக்கத்துக் கூலாயிலும் செடேனாக்கிலும் தரவு மையங்கள். ரப்பரும் செம்பனையும் நின்ற மண்ணில் உலக நிறுவனங்கள் வந்து இறங்குகின்றன. வேலை வரட்டும், வரவேற்போம். ஆனால் கணினிகளைக் குளிர்விக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும்? இதை நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

2019 மார்ச்சை மறந்துவிட்டோமா? பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய ரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவம் தேடி ஓடினார்கள். 111 பள்ளிகளை மூடினார்கள். கொட்டியவர்கள் சிலர்தான், நச்சுக்காற்றைச் சுவாசித்தது ஊரே. ஒவ்வொரு நிறுவனமும் தன் வேலிக்குள் சுத்தமாக இருக்கிறேன் என்று தனித்தனியே அறிக்கை விடுவதால் நம் ஸ்கூடாய் ஆறு பிழைக்காது. ஆற்றுக்கு வேலி கிடையாது. ஆகவே நீரைச் சோதிப்பதையும் முடிவை ஊரறிய வெளியிடுவதையும் எல்லா நிறுவனங்களும் ஒன்றுசேர்ந்து செய்ய வேண்டும்.

முடியாத காரியமா இது? பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் 2003 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துச் சிப்பு ஆலைகளுக்குத் தருகிறது. சுத்திகரித்த நீரில் அங்கே ஆலை ஓடினால் இங்கேயும் ஓடலாம்.

நிறுவனங்கள் கைகோத்த வரலாறும் உண்டு. 2004இல் செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு பிறந்தது. அதே ஆண்டு மின்னணு நிறுவனங்கள் கூடிப் பொது நடத்தை விதி ஒன்றை எழுதின. வேலைக்கு எடுக்கத் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்று இன்று அந்த விதி சொல்கிறது. நல்ல விதி. ஆனால் விடுதியில் தங்கியிருக்கும் நேப்பாளத் தம்பியையும் வங்காளதேசத் தம்பியையும் கேளுங்கள், முகவருக்கு எவ்வளவு கட்டிவிட்டு வந்தாய் என்று. கட்டியிருந்தால் அந்தப் பணம் திரும்ப வேண்டும். தொழிலாளி வாய் திறக்க முடியாத இடத்தில் எந்த விதியும் காகிதம்தான்.

முதலாளிகள் தங்களுக்குள் பேசி முடிக்கும் கூட்டு நமக்கு வேண்டாம். சங்கமும் ஊராரும் உட்காராத பேச்சில் எதையும் ஏற்காதீர்கள். தொழிற்சாலைத் தோழர்களே, அடுத்த ஷிப்டிலேயே பேச்சைத் தொடங்குங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, தோட்டத்துப் பெரியவர்களே, இந்தக் கோரிக்கையில் உங்கள் கையெழுத்தும் வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் அழைத்து வாருங்கள். மண்டலத்தின் திட்டங்கள் எழுதப்படும் இந்தக் காலத்திலேயே திரளுங்கள், தோழர்களே!